மஞ்சள் கோட்டில் ஒரு காதுகுத்து

எங்கள் கல்லூரிக்குக் கதவு கிடையாது. சுற்றுச்சுவரும் கிடையாது. முன்பு இரண்டும் இருந்தன. சுவரை இடித்த கல்லில் ஆடிட்டோரியத்துக்குப் படி கட்டினார்கள், கதவை எடைக்குப் போட்டார்கள். இப்போது சேலம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து உள்ளே வரும் தார் ரோட்டின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு மட்டும் உண்டு. விளம்பரத்தில் அந்தக் கோட்டின் மேல் நான்கு பேர் துள்ளிக் குதிப்பார்கள். கீழே 'சுதந்திர வளாகம்' என்று போட்டிருக்கும். துள்ளியவர்கள் சென்னையிலிருந்து வந்த மாடல்கள். எங்கள் மாணவர்களைத் துள்ளச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் விழுந்து வாந்தி எடுத்திருப்பார்கள்.

காரணம், கவனத் துளி. திங்கட்கிழமை தோறும் பிரார்த்தனை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று மூக்கைத் தூக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு பீய்ச்சல், வலப்பக்கம் ஒரு பீய்ச்சல். பிள்ளைகள் சினிமா, டீக்கடை என்று அலையாமல் படிப்பில் கவனமாக இருப்பார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் விளக்கியபோது கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஒரு அப்பா எழுந்து, வீட்டு உபயோகத்துக்கும் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டார்.

என் பெயர் கலியபெருமாள். ஊர் பண்ருட்டி. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்கள் என் அப்பாவைக் கேட்கலாம். இறுதியாண்டு புராஜெக்டுக்கு எஸ்தர் கிருபா மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். துளி தயாராவது அங்கேதான். தயாரிக்கிற ஆளுக்கே படபடப்பு வந்தால் கை நடுங்கும் என்பதால் ஆய்வுக்கூட ஆட்களுக்கு மட்டும் துளி கிடையாது. ஆகவே என் மூக்கில் இதுவரை ஒன்றும் போகவில்லை. நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மேடத்துக்கு நாகர்கோவில். சேர்ந்த முதல் நாளே பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"செல்லச் சுத்தி ஒரு தோல் உண்டு. அது என்னது?"

"கொழுப்பு, மேடம்."

"வெளிய உள்ள சேதிய அது லேசுல உள்ள விடாது. வெறுமனே அனுப்பினா போற வழியிலயே கிழிச்சுப் போடுவானுவ. அதுனால நாலு வகைக் கொழுப்பக் கலந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு உருண்டை பண்ணி, சேதிய அதுக்குள்ள வச்சு அனுப்புகோம். செல்லு பாக்கும். அட, நம்ம ஆளுல்லான்னு முழுங்கிரும்."

"முழுங்கிட்டா வேலை முடிஞ்சுது."

"எங்க முடிய? முழுங்கினத ஒரு பைக்குள்ள போட்டுக் கட்டிரும். உள்ள வந்தாச்சு, ஆனா பைக்குள்ள கெடக்கு, கேட்டியா. அந்தப் பை கொஞ்சங் கொஞ்சமாப் புளிக்கும். உள்ள கெடக்கதெல்லாம் கரைஞ்சு போவும். ஆனா நாம வச்ச கொழுப்புல ஒண்ணு இருக்கு பாத்துக்கோ, அது சும்மா இருக்கும்போது பரம சாது. புளிப்பு பட்டாதான் குணம் மாறும். பையோட சுவர்ல போய் ஒட்டி, ஓட்டை போட்டுரும். சேதி அது வழியா வெளிய குதிக்கும்."

"எல்லாம் குதிச்சிருமா?"

"நூத்துல ஒண்ணு, ரெண்டு. மிச்சமெல்லாம் பைக்குள்ளயே செத்துரும்."

"நம்ம காலேஜ் பிளேஸ்மென்ட் மாதிரி."

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் இருப்பதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

"அந்த ஒண்ணு ரெண்டே போதும். மூக்கு நரம்புல ஒரு புரதத்தச் செய்யச் சொல்லிரும். தரை துடைக்கிற தண்ணியில ஒரு வாசனை கலக்குகாங்கல்லா, அது அந்தப் புரதத்துல வந்து உக்காந்துட்டே இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. கோட்டத் தாண்டினா வாசனை விட்டுப் போவும். உடனே நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், காலு நகராது. ஒரு வாரத்துல எல்லாம் அழிஞ்சிரும். அதான் திங்கக்கெழமை திங்கக்கெழமை."

"இதுக்காகவா மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிச்சது மணம் தெரியாமப் போனவங்களுக்கு. சாப்பாட்டு மணம், புள்ளை மணம். அதுக்கு."

"அப்ப ஏன் இங்க இருக்கீங்க?"

"என் சர்டிபிகேட்டெல்லாம் தாளாளர் பீரோவுல இருக்கு." சேரும்போது ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பது இங்கே மரபு. அந்தப் பீரோவுக்கு மட்டும் கதவு உண்டு.

என் அறைத்தோழன் தீர்த்தகிரிக்குத் தருமபுரிப் பக்கம். அவனுக்கு ஒரே அக்கா, மாதேஸ்வரி. அக்காவுக்கு ஒரே மகன், கவின். கவினுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது, தாய்மாமன் கோட்டைத் தாண்ட முடியாது. நாள் குறித்துப் பத்திரிகை அடித்து இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டாவது முறை ஆட்டை வெட்டிவிட்டார்கள். கறி விருந்து மட்டும் நடந்தது, காது மட்டும் மூளியாக இருந்தது.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். கிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏண்டா, எங்க மாமனாரு என்னா கேக்கறாரு தெரியுமா? உனக்கு நெசமாலுமே தம்பி இருக்கானா, இல்ல கல்யாணத்துக்கு வாடகைக்குப் புடிச்சாந்தீங்களான்னு கேக்கறாரு."

"நான் என்னா பண்றதுக்கா? காலு வரமாட்டேங்குது."

"கார்த்திகையில கடைசி முகூர்த்தம். நீ வரலைன்னா எங்க நாத்தனார் புருசன் மடியில உக்கார வச்சிருவாங்க. ஒரு தடவ வேற மடியில உக்காந்துட்டா, அப்புறம் அந்த வூட்டுல என் பக்கத்துல பேச ஒரு ஆளு கெடையாது. நீ எனக்குப் போட்டோவுல இருக்கற தம்பிதான், பாத்துக்க."

அக்கா போனை வைத்துவிட்டாள். கிரி முட்டியில் இருந்த சிராய்ப்பைத் தடவிக்கொண்டான். அதற்கு முந்தின ஞாயிறுதான் கோடு வரைக்கும் ஓடிப் பார்த்தான். தாண்டி நான்கு எட்டு வைத்ததும் முட்டி மடங்கி விழுந்து, தவழ்ந்து திரும்பி வந்தான். எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவில்கூட யாரும் அவ்வளவு வேகமாகத் தவழ்ந்ததில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அன்று எங்கள் வளாகத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் ஓய்வு. பஸ், லேத், கேன்டீன் கிரைண்டர் என்று எல்லாவற்றையும் துடைத்து, பட்டை போட்டு, பொட்டு வைத்து, நிறுத்திவிடுவார்கள். மாணவர்களுக்கு மட்டும் அன்று சிறப்பு வகுப்பு. மேடம் பூஜை லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஆய்வுக்கூட ஆள் என்ற முறையில் எனக்கும் லீவு உண்டு. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று நான் போகவில்லை.

தாளாளர் அய்யா தட்டோடு வந்தார். பின்னால் தேங்காய், பூசணிக்காயோடு நான்கு பேர். ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஃப்ரீசருக்குத் தன் கையாலேயே விபூதிப் பட்டை இழுத்தார். உள்ளே மைனஸ் எண்பது டிகிரியில் வருஷம் முழுவதற்குமான துளி உறைந்திருந்தது.

"இது ஏன் கண்ணு இன்னும் உறுமிக்கிட்டு இருக்குது?"

"அய்யா, இத மட்டும்..."

"இத மட்டும் என்ன கண்ணு?"

ஐம்பது கோடிக்கு அதிபதி ஒருவர் குங்குமத்தில் தோய்த்த விரலோடு நம்மைப் பார்த்தால் என்ன தோன்றுமோ அது எனக்குத் தோன்றியது. "இதுக்கு மட்டும் சந்தனம் கம்மியா இருக்குதுங்கய்யா" என்றேன்.

இன்னும் கொஞ்சம் சந்தனம் அப்பினார். "மனுசனுக்கு லீவு குடுத்தாக் கெட்டுப் போயிருவான். மிசினு அப்படியில்ல பாரு. வாயத் தொறந்து கேக்குதா? நாமளாப் பாத்துத்தான் ஒரு நா குடுக்கோணும்" என்று சொல்லி, குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. மறுநாள் விஜயதசமி, ராகு காலம் கழித்து நல்ல நேரம் பார்த்து மீண்டும் சொருகினார். ஃப்ரீசர் புத்துணர்ச்சியோடு உறுமியது.

ஊரிலிருந்து வந்த மேடம் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரிந்த பால் மாதிரி இருந்தது.

"உருண்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. உள்ள உள்ள சேதியும் போச்சு. இது இனி மருந்தில்ல மக்கா, வெறும் கொழுப்பு."

"தாளாளர்கிட்ட சொல்லணுமா?"

மேடம் ஃப்ரீசர் கதவின் பட்டையையும் பொட்டையும் வெகுநேரம் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் உண்மையிலேயே சிரித்துப் பார்த்தேன்.

"சொன்னா புதுசாப் பண்ணச் சொல்லுவாரு. சொல்லலைன்னா, இத வடிகட்டி வருசம் பூரா அடிச்சிட்டு இருக்கலாம். புள்ளைங்களே கண்டுபிடிச்சுப் போகட்டும். சாமி கும்பிட்டதுக்குப் பலன் இல்லாமப் போவுமா?"

ஒரு வாரம் கழிந்தது. யாருடைய மூக்கிலும் இப்போது ஒன்றுமில்லை. நான் மொட்டை மாடியில் நின்று ரோட்டைப் பார்த்தேன். இன்றைக்கு ஒருத்தன் தாண்டுவான், அவன் திரும்பி வந்து சொல்வான், நாளைக்கு நூறு பேர் தாண்டுவார்கள் என்று கணக்குப் போட்டேன். மாலையில் மாணவர்கள் கோடு வரை நடந்து வந்தார்கள். கோட்டில் நின்று போன் பேசினார்கள். திரும்பிப் போனார்கள். ஐப்பசி முழுவதும் மழையில் கோடு கொஞ்சம் வெளுத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. தீபாவளிக்கு நானும் ஊருக்குப் போகவில்லை. மழை.

பொறுக்க முடியாமல் கிரியிடம் மட்டும் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கினதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கட்டிப்பிடித்தான். சட்டை மாற்றிக்கொண்டு நேராக ரோட்டுக்கு நடந்தான். கோட்டைத் தாண்டி நான்கு எட்டு. சட்டை முதுகோடு ஒட்டியது, முட்டி மடங்கியது.

இழுத்து வந்து மரத்தடியில் உட்கார வைத்தேன். "டேய், மருந்தே இல்லடா உனக்குள்ள."

"நீ சொல்றது மண்டைக்குத் தெரியுது மச்சி" என்றான், பல் தந்தியடிக்க. "காலுக்குத் தெரியல."

மேடத்திடம் போய் நின்றேன். "ரெண்டு வருசம் பயந்த உடம்பு மக்கா. மருந்து போயிரும், பழக்கம் போவுமா?"

"அப்ப என்னதான் வழி?"

"முத நாளே சொன்னேம்லா? வெறுமனே அனுப்பினா போய்ச் சேராது."

அன்று சாயங்காலமே நான் மாதேஸ்வரி அக்காவுக்குப் போன் செய்தேன். விழாவைக் கோட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், தம்பி உள்பக்கம் உட்காருவான், மடி அவனுடையதாகவே இருக்கும் என்றேன். மாமனார் தரப்பில் ஒரு பெரிய உறுமலுக்குப் பிறகு சம்மதம் வந்தது.

"எத்தனை பேருக்கா வருவீங்க?"

"நெருங்கின சொந்தம் ஒரு முப்பது பேரு தம்பி."

"நெருங்காத சொந்தத்தையும் கூட்டிட்டு வாங்க."

தாளாளருக்கு ஒரே சந்தோஷம். பெற்றோர்கள் விசேஷத்தைக்கூடக் கல்லூரி வாசலில் வைக்கிறார்கள் என்று போட்டோகிராபரை வரச் சொன்னார். ஆடிட்டோரியத்திலிருந்து பவானி ஜமுக்காளம் எடுத்துக்கொள்ள அனுமதி தந்தார். இருப்பதிலேயே நீளமானதை நான் எடுத்து ரோட்டில் விரித்தேன். மஞ்சள் கோடு அதற்கடியில் எங்கேயோ போய்விட்டது.

முகூர்த்தத்தன்று மூன்று குட்டியானை வண்டிகளில் வந்து இறங்கினார்கள். அண்டா, குண்டான், இரண்டு ஆடு, ஒரு மேளம், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கவின். அக்கா இறங்கியதும் தம்பியை ஒரு அறை வைத்தாள், பிறகு கன்னத்தைத் தடவினாள். மாமனார் கிரியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓகோ, ஆளு இருக்கறது நெசந்தான் போல" என்றார்.

கிரி புங்க மரத்தடியில், வளாகத்தின் உள்பக்கம், மணையில் உட்கார்ந்தான். உட்காரும் முன்பு ஜமுக்காளத்தைக் காலால் தடவிப் பார்த்தான். "மச்சி, கோடு எங்கடா வருது?"

"உன் முதுகுக்குப் பின்னாடி, தூரமா" என்றேன். முதுகு கட்டிடங்களைப் பார்த்து இருந்தது; நான் சொன்னது உண்மையென்றால் அவன் ஏற்கெனவே வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் அதை யோசிப்பதற்குள் சொந்தங்கள் வந்து மொய்த்துவிட்டார்கள். ஒரு சித்தி மாலை போட்டாள், ஒரு பெரியப்பா துண்டு கட்டினார், யாரோ வாயில் சர்க்கரை திணித்தார்கள். சந்தனம், மல்லிகை, வியர்வை, ஆட்டுக்கிடா என்று நான்கு வகை வாசனை அவனைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றது. தரை துடைத்த தண்ணீர் வாசனை அதைத் தாண்டி வர வாய்ப்பே இல்லை.

கவின் மாமன் மடியில் ராஜா மாதிரி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றான். ஆசாரி வலது காதைப் பிடித்தார். மேளம் ஓங்கியது. ஒரு நொடிதான். கம்பி இறங்கியது.

முதல் காதுக்கு எந்தக் குழந்தையும் ஏமாறும். இரண்டாவது காதுக்கு ஏமாறாது. கவின் வீறிட்டான், மாமனின் கட்டைவிரலைக் கடித்தான், கை தளர்ந்ததும் மடியிலிருந்து குதித்து வண்டிகளைப் பார்த்து ஓடினான்.

"டேய், புள்ளையப் புடிடா!" என்று அக்கா கத்தினாள். "நெடுஞ்சாலைடா அங்க!"

கிரி ஓடினான். மாலையோடு, துண்டோடு, கால் தடுக்க ஓடினான். அவனோடு மொத்தச் சொந்தமும் ஓடியது. ஜமுக்காளம் முடிந்தது, தார் வந்தது, முதல் வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிள்ளையைப் பிடித்து அப்படியே ரோட்டில் சம்மணம் போட்டு மடியில் அமுக்கினான். மூச்சிரைக்க ஓடிவந்த ஆசாரி, "அப்படியே புடிச்சுக்க மாமா, அசையாத" என்று இடது காதில் இறக்கினார்.

ஒரு காது வளாகத்துக்கு உள்ளேயும் ஒரு காது வெளியேயும் குத்தப்பட்ட குழந்தை எனக்குத் தெரிந்து கவின் ஒருவன்தான்.

அழுது அழுது அவன் மாமன் தோளிலேயே தூங்கிப்போனான். ஆட்கள் பந்திக்கு நகர்ந்தார்கள். நான் ஜமுக்காளத்தை உள்பக்க நுனியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தேன். வெளுத்த மஞ்சள் கோடு வெளியே வந்தது. கிரி அதைப் பார்த்தான். பிறகு தான் நிற்கும் இடத்தைப் பார்த்தான். பிள்ளை அவன் சட்டைக் காலரைத் தூக்கத்திலேயே இறுக்கிப் பிடித்திருந்தது.

"கலி" என்றான். "கோடு அந்தப் பக்கம் இருக்குடா."

"ஆமாடா."

முட்டி மடங்கவில்லை. பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டான். அக்கா புருசன் வண்டியைக் கிளப்பியதும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டு, என்னைப் பார்த்துக் கை நீட்டினான். "வாடா. ஏறு. சேலத்துல பண்ருட்டி பஸ்ஸுல ஏத்தி விட்டுடறோம்."

மேடம் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "போ மக்கா. உனக்குத்தான் சொட்டு மருந்துகூடப் போடலையே."

அது உண்மைதான். போகலாம். நான் சுருட்டிய ஜமுக்காளத்தைப் பார்த்தேன், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வானத்தைப் பார்த்தேன், இருட்டிக்கொண்டு வந்தது. செருப்பைப் பார்த்தேன், அதன் நுனி கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே இருந்தது. முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. புழுக்கம்.

"ஃப்ரீசர் டெம்பரேச்சர் குறிக்கணும்டா. அடுத்த வாரம் வர்றேன்."

கிரி கொஞ்ச நேரம் கையை அப்படியே நீட்டி வைத்திருந்தான். பிறகு வண்டி போயிற்று. மேடம் குனிந்தார். சுருட்டிய ஜமுக்காளத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில், தீர்த்தகிரி கல்விச் சுற்றுலா சென்றிருப்பதாகப் போட்டிருந்தது. பிரார்த்தனை முடிந்து எல்லோரும் மூக்கைத் தூக்கினார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்தக் கோடு ரொம்ப உள்ள வந்துருச்சு. நெடுஞ்சாலை முக்கு வரைக்கும் நம்ம எடந்தானே? அங்க தள்ளிப் போட்டுரு. பசங்க வெளிய போயிட்டாங்கன்னு நாளைக்கு எவனும் பேசப்படாது பாரு."

பெயின்ட் டப்பாவும் பிரஷும் எடுத்துக்கொண்டு நடந்தேன். பழைய கோட்டைத் தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை. கிரி விழுந்த இடம், ஆசாரி இரண்டாம் காது குத்திய இடம், எல்லாவற்றையும் தாண்டி விசிலடித்துக்கொண்டே போனேன். நெஞ்சு அடிக்கவில்லை, வேர்க்கவில்லை. அய்யாவே சொல்லிவிட்டாரே, இதெல்லாம் உள்ளேதான்.

முக்கில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் முதுகில் பண்ருட்டிப் பலாப்பழ மண்டி ஒன்றின் பெயர் எழுதியிருந்தது. சாக்கட்டியால் அடையாளம் போட்டு உட்கார்ந்தேன். நேர்கோடு வர வேண்டுமென்றால் வெளிப்பக்கம் உட்கார்ந்து உள்ளே பார்த்து இழுக்க வேண்டும். கை அப்போதுதான் வாகாக வரும்.

நான் உள்பக்கம் உட்கார்ந்து, எட்டி எட்டி இழுத்தேன். கோடு கொஞ்சம் கோணல். அந்தப் பக்கம் வந்தால் நீங்களே பார்க்கலாம்.